ஆபீஸ் இன்டர்நெட் போனுக்கு எந்த அளவு ரவுட்டர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையோரத்தில் மீன் ஏற்றுமதி ஆபீஸ், லாட்ஜ், டிராவல்ஸ், சின்ன மருத்துவமனை என்று யார் இன்டர்நெட் போனுக்கு மாறினாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் கடைசியில் வரும் கேள்விகள் சுலபமாகப் புரியும்.

அண்ணே, ஆபீஸ்ல நெட் போன் போடப்போறோம். எத்தனை எம்பிபிஎஸ் ரவுட்டர் வாங்கணும்?

எம்பிபிஎஸ்ஸைப் பார்த்து ரவுட்டர் வாங்காதீர்கள். போன் பேச்சு எடுக்கும் நெட் ரொம்பக் குறைவு, இன்று கடையில் இருக்கும் எந்த ரவுட்டரும் அந்த வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். பார்க்க வேண்டியது வேறு. கூட்டம் அதிகமான நேரத்தில் ஒரே சமயம் எத்தனை பேர் பேசுவார்கள், அந்த நேரத்தில் அப்லோடில் வேறு என்னென்ன ஓடிக்கொண்டிருக்கும், இரண்டும் மோதும்போது குரலை முதலில் அனுப்பும் வேலையை அந்த ரவுட்டர் திணறாமல் செய்யுமா. இதற்கு விடை தெரிந்துவிட்டால் மாடல் தேர்வு பெரிய விஷயமே இல்லை.

ஒரு காலுக்கு எவ்வளவு நெட் ஓடும்?

குரலை எண்ணாக மாற்றும் முறைக்கு கோடெக் என்று பெயர். பெரும்பாலும் வருவது ஜி.711. அதில் குரல் மட்டும் 64 கேபிபிஎஸ் (ஆயிரம் கேபிபிஎஸ் சேர்ந்தால் 1 எம்பிபிஎஸ்). போன் அந்தக் குரலை 20 மில்லி செகண்ட் துண்டுகளாக வெட்டி, செகண்டுக்கு 50 பாக்கெட் அனுப்பும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 160 பைட் குரல், அதற்கு மேல் 40 பைட் முகவரி விவரம். ஈதர்நெட் கேபிள் தன் பங்குக்குப் போடும் உறையும் சேர்த்து 87 கேபிபிஎஸ் சொச்சம் வரும். இது ஒரு பக்கத்துக்கு. போக அவ்வளவு, வர அவ்வளவு. கணக்குக்கு 100 என்று வைத்துக்கொண்டால் 10 காலுக்கு அப்லோடில் 1 எம்பிபிஎஸ், டவுன்லோடில் 1 எம்பிபிஎஸ், அவ்வளவுதான்.

ஜி.729 என்று இன்னொன்று இருக்கிறது. குரல் 8 கேபிபிஎஸ் ஆகச் சுருங்கிவிடும், ஆனால் அந்த 40 பைட் முகவரி விவரமும் கேபிள் உறையும் சுருங்காது, அதனால் கேபிளில் 31 கேபிபிஎஸ் வரும். ஃபைபர் லைன் ஒழுங்காக இருக்கிற இடத்தில் ஜி.711 போடுங்கள், குரல் தெளிவு நன்றாக இருக்கும். 4ஜி டாங்கிளில் ஓட்ட வேண்டி வந்தால் மட்டும் ஜி.729.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 20 கால் ஓடினால் போக வர செகண்டுக்கு 2000 பாக்கெட், எம்பிபிஎஸ் கணக்கில் பார்த்தால் இரண்டு பக்கமும் 2 கூட முழுதாக வராது. அதே சமயம் 100 எம்பிபிஎஸ்ஸில் ஒரு படம் டவுன்லோடு ஆகிறது என்றால் 1500 பைட் பாக்கெட்டாக செகண்டுக்கு 8300தான். ரவுட்டர் வேலை செய்வது பாக்கெட் எண்ணிக்கைக்கு. பாக்கெட் பெரிதா சின்னதா என்பது அதற்கு அவ்வளவு முக்கியம் இல்லை. போன் பேச்சு முழுக்க முழுக்கச் சின்னச் சின்னப் பாக்கெட். எம்பிபிஎஸ்ஸைப் பார்க்காதீர்கள் என்று முதலில் சொன்னது இதனால்தான்.

எங்க ஆபீஸ்ல 25 போன் இருக்கு. அப்ப 25 காலுக்குக் கணக்குப் போடணுமா?

வேண்டாம். 25 பேரும் ஒரே நொடியில் பேசும் ஆபீஸ் கால் சென்டர் மட்டும்தான். மற்ற இடங்களில் எர்லாங் கணக்குப் போடுங்கள், சுலபம்தான். அதிகம் பேசும் ஒரு மணி நேரத்தில் எத்தனை கால், ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நிமிடம் என்று பெருக்கி 60ஆல் வகுக்க வேண்டும். 40 கால், ஆளுக்கு 3 நிமிடம் என்றால் 120 நிமிடம், அதாவது 2 எர்லாங். நூற்றில் ஒரு காலுக்கு மேல் எங்கேஜ் ஆகக்கூடாது என்று வைத்தால் எர்லாங் பி அட்டவணைப்படி 2 எர்லாங்குக்கு 7 லைன் வேண்டும். 6 லைன் 1.91 வரைதான் தாங்கும்.

ஆக இந்த அளவு பேசும் 25 போன் ஆபீஸுக்கு ஒரே சமயம் 7 கால். எஸ்ஐபி டிரங்க், அதாவது வெளி எண்களோடு பேச இணையம் வழியான இணைப்பு, தரும் கம்பெனியிடம் 25 சேனல் வாங்கி மாதாமாதம் காசு கட்ட வேண்டியதில்லை. வளர்ச்சிக்கு என்று 10 வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

நாங்க எண்ணிப் பார்த்தோம் தம்பி, ஒரே நேரத்துல 3 காலுக்கு மேல வரவே இல்லையே?

எந்த மாதத்தில் எண்ணினீர்கள் என்று முதலில் பாருங்கள். நம் கரையில் இது ரொம்ப முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸ் கம்பெனியும் ஏற்றுமதி ஆபீஸும் அமைதியாக இருக்கும். அந்த மாதத்துக் கணக்கை வைத்து வாங்கினால் தடை முடிந்து படகுகள் கரை திரும்பும் முதல் காலையிலேயே மாட்டிக்கொள்வீர்கள். விலை கேட்டு, ஐஸ் கேட்டு, வண்டி கேட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் போன் அடிப்பது அப்போதுதான்.

ராமேஸ்வரத்து லாட்ஜ்காரர்கள் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தைய வாரத்தில் எண்ண வேண்டும். ஏர்வாடியில் சந்தனக்கூடு சமயம். மொத்தத்தில் உங்கள் தொழிலில் எந்த நாள் சாப்பிடக்கூட நேரம் இல்லையோ, அந்த நாள் கணக்குதான் கணக்கு. பழைய போன் பில்லோ மொபைல் கால் லாகோ இருந்தால் அதிலிருந்தே எடுத்துவிடலாம், காத்திருக்க வேண்டாம்.

100 எம்பிபிஎஸ் லைன் இருக்கு, யூடியூப் சூப்பரா ஓடுது. போன்ல மட்டும் குரல் வெட்டி வெட்டி வருதே, ஏன்?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். யூடியூப் முன்கூட்டியே பல செகண்டுக்கான படத்தை இறக்கி வைத்துக்கொள்ளும், நடுவில் தடங்கல் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. போன் பேச்சில் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. பேசுவது அந்தப் பக்கம் போய்ச் சேர 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைத் தாண்டத் தாண்ட ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவது தொடங்கும்.

இடைஞ்சல் பெரும்பாலும் அப்லோடில்தான். 8 சிசிடிவி கேமரா ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் என்று கிளவுடுக்கு அனுப்பினால் அதுவே 16 எம்பிபிஎஸ், மேலே ஸ்டாஃப் மொபைலெல்லாம் போட்டோ பேக்கப் எடுக்கும். ரவுட்டருக்குள் வரிசை நீண்டுவிடும். ஒற்றைவழிப் பாலத்தில் நாலு மீன் லாரி முன்னால் ஊர்ந்தால் பின்னால் வரும் பைக்கும் ஊர்ந்துதான் ஆக வேண்டும். குரல் பாக்கெட்டின் கதி அதுதான். சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஒரு கம்ப்யூட்டரில் வெளியே ஏதாவது ஒரு சர்வருக்கு பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) போட்டுவிட்டு, இன்னொன்றில் பெரிய ஃபைல் ஒன்றை டிரைவில் ஏற்றுங்கள். 15, 20 மில்லி செகண்டில் இருந்த பிங் 200, 300 என்று ஏறினால் நோய் இதுதான். லைன் வேகத்தைக் கூட்டினால் கொஞ்ச நாள் மறையும், பேக்கப் அளவு கூடியதும் திரும்ப வந்துவிடும்.

அதுக்குத்தான் க்யூஓஎஸ்னு ஒண்ணு இருக்காமே, அதை ஆன் பண்ணினா சரியாயிடுமா?

க்யூஓஎஸ் என்பது எதை முதலில் அனுப்புவது என்று ரவுட்டருக்குச் சொல்லும் வசதி. சரியாகும், ஆனால் இரண்டு விஷயம் ஒழுங்காக இருந்தால். முதலாவது, ரவுட்டரின் அப்லோடு எல்லையை உண்மையான லைன் வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும். அப்லோடு நிஜத்தில் 50 கிடைக்கிறது என்றால் 45 என்று போடுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டருக்குள் நிற்கும், எதை முன்னால் விடுவது என்று அது முடிவு செய்யலாம். 50க்கு 100 என்று போட்டு வைத்தால் வரிசை நெட் கம்பெனிக்காரர் பெட்டியில் போய் நிற்கும், அங்கே உங்கள் பேச்சு எடுபடாது. எஃப்க்யூ-கோடெல், கேக் என்ற முறைகள் உள்ள ரவுட்டர் கிடைத்தால் விடாதீர்கள், வரிசை நீளாமல் அவையே பார்த்துக்கொள்ளும். போன் பக்கம் குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள், நல்ல ஐபி போன்களில் அது முதலிலேயே இருக்கும்.

இரண்டாவதுதான் ரவுட்டரின் அளவோடு நேராகச் சம்பந்தப்பட்டது. பல ரவுட்டர்கள் பெட்டியில் போட்ட வேகத்தைக் கொடுப்பது, ரவுட்டரின் மூளையான சிபியுவைத் தொடாமல் பாக்கெட்டைக் குறுக்குவழியில் அனுப்புவதால். க்யூஓஎஸ் ஆன் செய்த உடனே அந்தக் குறுக்குவழி மூடிவிடும், ஒவ்வொரு பாக்கெட்டும் சிபியு வழியாகப் போகும். 1 ஜிபிபிஎஸ் என்று வாங்கியது 200, 300ல் திணறுவது அப்போதுதான். அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "க்யூஓஎஸ் போட்டபிறகு இது எவ்வளவு ஓடும்?"

பெட்டியில ஏஎக்ஸ்3000னு போட்டிருக்கு, அது போதாதா சார்?

அந்த 3000 வைஃபையின் இரண்டு அலைவரிசையையும் கூட்டிப் போட்ட எண். ஆபீஸ் போனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் தேட வேண்டியது சிபியு எத்தனை கோர், மெமரி எவ்வளவு, சின்னப் பாக்கெட்டில் செகண்டுக்கு எத்தனை தாங்கும் என்பதை. மைக்ரோடிக் மாதிரி சில கம்பெனிகள் 64 பைட், 512 பைட், 1518 பைட் பாக்கெட்டில் தனித்தனியாகச் சோதித்த அட்டவணையை ஒவ்வொரு மாடலுக்கும் போடுகின்றன, க்யூ போட்டபோது எவ்வளவு என்றும் அதில் இருக்கும். 1518 வரிசை அழகாகத்தான் இருக்கும், நீங்கள் 64ஐயும் 512ஐயும் பாருங்கள்.

கம்பெனிக்காரன் ஃபைபரோட கொடுத்த ரவுட்டரே இருக்கட்டுமே?

ஒரே சமயம் 3, 4 கால், பத்துப் பேருக்குள் ஸ்டாஃப், கேமரா கிளவுடுக்குப் போவதில்லை என்றால் இருக்கட்டும், தாராளமாக. அதற்கு மேல் போனால் தனி ரவுட்டர் வாங்கி, கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் நெட்டை மட்டும் கடத்தும் முறை) போடச் சொல்லுங்கள். இரண்டு பெட்டியும் ரவுட்டராக இருந்தால் முகவரி இரண்டு தடவை மாறும், ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்பது மாதிரியான தொல்லை அங்கிருந்துதான் கிளம்பும்.

சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க, எத்தனை பேருக்கு எந்த ரவுட்டர்?

ஒரே சமயம் 5 முதல் 15 கால், ஸ்டாஃப் 40 பேர் வரை: இரண்டு கோர் சிபியு, 256 எம்பி மெமரி, க்யூஓஎஸ் போட்டபிறகும் உங்கள் லைன் வேகத்தை முழுதாகத் தரக்கூடியது. மைக்ரோடிக் ஹெக்ஸ் அந்த அளவுக்கு ஒரு உதாரணம், இரண்டு கோர். 15 காலுக்கு மேல், அல்லது லைன் 300 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டி, அல்லது விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) உண்டு என்றால் நாலு கோர், 1 ஜிபி மெமரி. இது நான் வைத்திருக்கும் அளவு, கொஞ்சம் தாராளமாகவே.

லாட்ஜுக்கு மட்டும் கணக்கு வேறு. எந்த இணைப்பு யாருடையது என்று ரவுட்டர் குறித்து வைக்கும் நாட் அட்டவணையில் ஒரு கால் இரண்டு மூன்று இடம்தான் பிடிக்கும், ஆனால் ஒரு மொபைல் சாதாரணமாக நூறு, இருநூறு பிடிக்கும். 40 அறை நிரம்பிய ராத்திரியில் ரிசப்ஷன் போன் அறுந்தால் அதற்குக் காரணம் போன் இல்லை, விருந்தினர் வைஃபை. அதைத் தனி விலேனில் (அதே கருவிகளில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) பிரித்து, வேகத்துக்கும் கனெக்‌ஷன் எண்ணிக்கைக்கும் ஆளுக்கு எல்லை போடுங்கள். ரவுட்டரையும் அறைகளை எண்ணி எடுங்கள்.

போன் அடிக்குது, எடுத்தா நாம பேசுறது அங்க கேக்குது, அவங்க பேசுறது கேக்கல. ரவுட்டர் சின்னதா போச்சா?

இல்லை, இது அளவுப் பிரச்சினையே இல்லை. ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு செட்டிங் இருக்கும், உதவி செய்வதாக நினைத்து போனின் செய்திக்குள் இருக்கும் முகவரியை மாற்றிவிடும். அதை ஆஃப் செய்யுங்கள். வாங்கும்போதே அதை ஆஃப் செய்ய வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், சில கம்பெனிப் பெட்டிகளில் அது கண்ணுக்கே தெரியாது.

இதோடு பிறந்த இன்னொன்று: நாம் கூப்பிட்டால் போகிறது, வெளியிலிருந்து வரும் கால் மட்டும் சில நிமிடம் கழித்து வருவதில்லை. ரவுட்டர், போன் பயன்படுத்தும் யுடிபி என்ற வகை கனெக்‌ஷனைச் சீக்கிரம் மறந்துவிடுகிறது என்று அர்த்தம். ஆர்எஃப்சி 4787 என்ற இணைய விதிமுறை ஆவணம் குறைந்தது 2 நிமிடம் வைத்திருக்கச் சொல்கிறது, சில ரவுட்டர் 30 செகண்டிலேயே மூடிவிடும். ரவுட்டரில் அதைக் கூட்டுங்கள், முடியாவிட்டால் போனில் கீப்-அலைவ் (இணைப்பு மூடாமல் இருக்க அனுப்பும் சின்னச் செய்தி) 25 செகண்ட் என்று வையுங்கள்.

கேபிள் இழுக்கிறது செலவு. போனெல்லாம் வைஃபையில போட்டுடலாமா?

மேசை போனுக்கு வேண்டாம். கேபிள் இழுத்தால் பிஓஇ சுவிட்ச் வழியாக அதே கேபிளில் கரண்டும் போகும், ஒவ்வொரு மேசையிலும் அடாப்டர் தேவைப்படாது. நடந்துகொண்டே பேச வேண்டிய ஒருவர் இருவருக்கு மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸில் கொடுங்கள். 2.4ல் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான், பஜார் தெருவில் அந்த மூன்றும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

உப்புக்காத்துல ரவுட்டர் எத்தனை நாள் தாங்கும்?

ரவுட்டரை விட முதலில் போவது கேபிள் முனையும் சாக்கெட்டும். உப்பு ஈரம் பட்டு ஆர்ஜே45 பின்னில் பச்சை பிடிக்கும், லிங்க் 1 ஜிபியிலிருந்து 100க்கு இறங்கும், பாக்கெட் அங்கங்கே தவறும், நீங்கள் ரவுட்டர் சின்னது என்று நினைத்துப் புதிது வாங்குவீர்கள். அதற்கு முன் ரவுட்டரின் போர்ட் பக்கத்தில் எர்ரர் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவுக் கேபிளை இந்தப் பக்கம் வாங்கவே கூடாது. சுத்தச் செம்பு கேட்6 வாங்குங்கள். பெட்டியைக் கடல் காற்று நேராக அடிக்கும் ஜன்னலுக்கு எதிரே மாட்டாமல் உள்ளறையில் மூடிய ரேக்கில் வையுங்கள், காற்று வழிக்கு ஃபில்டர் போட்டு.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை இடி. ஆபீஸிலிருந்து ஐஸ் பிளான்ட்டுக்கோ குடோனுக்கோ வெளியே செம்புக் கேபிள் இழுத்திருந்தால் ஒரு மின்னல் போதும், சுவிட்ச், ரவுட்டர், போன் எல்லாம் சேர்ந்து போகும். கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான், இதில் சமாதானமே கிடையாது.

கரண்ட் போனா போனும் போயிடுமா?

போகும். பழைய லேண்ட்லைனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது, இதற்கு நாம்தான் கொடுக்க வேண்டும். ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பிஓஇ சுவிட்ச் மூன்றுக்கும் கொடுக்க வேண்டும், ரவுட்டருக்கு மட்டும் கொடுத்துப் பயன் இல்லை. ஃபைபர் பெட்டி 10 வாட், ரவுட்டர் 10 வாட், 8 போன் ஆளுக்கு 5 வாட் என்றால் 60 வாட். கம்ப்யூட்டருக்கு வைக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர் பேட்டரி. இந்தச் சுமைக்கு ஒரு மணி நேரம்கூட முழுதாக வராது. வீட்டு இன்வெர்டர் மாதிரி 150 ஆம்பியர் பேட்டரி இருந்தால் மழைக்காலத்தைச் சமாளிக்கலாம், ஆனால் அதை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் மாறும் நொடியில் ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகி, பேசிக்கொண்டிருந்த எல்லாக் காலும் அறுந்துவிடும்.

மருத்துவமனைக்கும் லாட்ஜுக்கும் ஒன்று கட்டாயம்: ரிசப்ஷனில் ஒரு சாதாரண மொபைலை எப்போதும் சார்ஜோடு வையுங்கள். 112க்கோ ஆம்புலன்ஸுக்கோ கூப்பிட வேண்டிய நேரத்தில் ரவுட்டரை நம்பி நிற்கக் கூடாது.

ரெண்டு லைன் போட்டா ஒண்ணு போனாலும் கால் அறுக்காம ஓடும்ல?

புதிய கால் ஓடும். பேசிக்கொண்டிருந்த கால் அறுந்துதான் தீரும், ஏனென்றால் லைன் மாறும்போது உங்கள் வெளி முகவரியே மாறுகிறது. போன் மறுபடி சர்வரில் பதிவு செய்துகொள்ள கொஞ்ச நேரம் எடுக்கும்; பதிவு இடைவெளியை ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தால் அதுவரை உள்ளே வரும் கால் தொலைந்துபோகும். இரண்டு நிமிடம் என்று குறைத்து வையுங்கள். இரண்டாவது லைன் 4ஜி என்றால் அதன் அப்லோடு எவ்வளவு என்று காலை, மாலை, இரவு மூன்று நேரமும் சோதித்து, அதற்கு ஏற்ற தனி க்யூஓஎஸ் எல்லை போட வேண்டும். ஃபைபருக்குப் போட்ட 45 அங்கே உதவாது. இரண்டு லைனையும் சமமாகப் பிரித்து ஓட்டும் லோடு பேலன்ஸ் முறையில் போனை மட்டும் சேர்க்காதீர்கள், ஒரே லைனில் கட்டிவிடுங்கள்.

பாய், துபாய்ல நம்ம ஆபீஸ் ஒண்ணு இருக்கு, கீழக்கரை எக்ஸ்டென்ஷன்லேயே அதையும் சேத்துடலாமா?

தூரத்தால் பிரச்சினை இல்லை. ஃபைபரில் 1000 கிலோமீட்டர் போக ஒளிக்கு 5 மில்லி செகண்ட்தான், வழி சுற்றிப் போனாலும் மேலே சொன்ன 150க்குள் அடங்கும். விபிஎன் போட்டால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேலே இன்னொரு உறை வருவதால் ஜி.711 கால் 100 கேபிபிஎஸ்ஸைத் தாண்டும், ஜி.729 ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ரகசியக் குறியாக்கம் சிபியுவைத் தின்னும், அதனால்தான் விபிஎன் என்றால் நாலு கோர் என்று சொன்னேன்.

பெரிய விஷயம் சட்டம். அமீரகத்தில் இணையக் குரல் அழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு, வாட்ஸ்ஆப் கால் அங்கே போகாதது உங்களுக்கே தெரியும். அந்தப் பக்கம் உரிமம் உள்ள கம்பெனியிடம் கேட்டு, அவர்கள் அனுமதிக்கும் முறையில்தான் செய்ய வேண்டும். நம் பக்கமும், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரும் காலை சிம் பெட்டி வைத்து உள்ளூர் எண்ணாக மாற்றிவிடுவது குற்றம். யாராவது "மலிவா செஞ்சு தர்றேன்" என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். வெளி எண்ணுக்குப் போகும் கால் எல்லாம் இந்தியாவில் உரிமம் உள்ள நிறுவனத்தின் டிரங்க் வழியாகத்தான் போக வேண்டும்.

பிபிஎக்ஸ் பெட்டிய ஆபீஸ்லயே வெச்சு, வீட்ல இருக்கிற ஸ்டாஃப் போனையும் அதுல சேக்கணும். ரவுட்டர்ல போர்ட் 5060ஐத் திறந்துவிட்டா போதுமா?

அதை மட்டும் செய்யாதீர்கள். பிபிஎக்ஸ் என்பது எக்ஸ்டென்ஷன்களை இணைக்கும் பெட்டி, 5060 அதற்குக் கால் வரும் வாசல். 5060 திறந்திருக்கிறதா என்று இணையத்தில் எந்நேரமும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் ராத்திரியோடு ராத்திரியாக வெளிநாட்டுக் கட்டண எண்களுக்கு உங்கள் டிரங்கிலிருந்து கால் போகும், பில் உங்கள் பெயரில் வரும். அந்த முயற்சிகளே செகண்டுக்கு நூற்றுக்கணக்கில் வந்து சின்ன ரவுட்டரைத் திணற வைக்கவும் செய்யும். வீட்டு ஸ்டாஃபுக்கு விபிஎன் கொடுங்கள், டிரங்க் கம்பெனியின் முகவரியிலிருந்து மட்டும் 5060க்கு அனுமதி வையுங்கள், ஐஎஸ்டி தேவைப்படாத எக்ஸ்டென்ஷனில் ஐஎஸ்டியைப் பூட்டுங்கள், டிரங்க் கம்பெனியிடம் தினச் செலவுக்கு ஒரு உச்சவரம்பு போடச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது உங்களுக்கு மட்டும் உரிய முகவரி இல்லை, பலரோடு பகிர்ந்தது. வெளியிலிருந்து யாரும் உங்கள் பெட்டிக்கு வர முடியாது, விபிஎன் உட்பட. அப்போது நெட் கம்பெனியிடம் ஸ்டாடிக் ஐபி (உங்களுக்கு மட்டும் உரிய, மாறாத முகவரி) வாங்குங்கள், அல்லது பிபிஎக்ஸைக் கிளவுடில் வைத்துவிட்டு ஆபீஸ் போன்களும் வீட்டுப் போன்களும் அங்கே போய்ப் பதிவாகட்டும். கிளவுடில் வைத்தால் பக்கத்து மேசைக்குப் பேசும் காலும் பெரும்பாலும் வெளியே போய்த்தான் திரும்பி வரும், ஒரு காலுக்கு இரண்டு கால் அளவு அப்லோடு பிடிக்கும். எர்லாங் கணக்கில் அதையும் கூட்டிக்கொண்டு லைன் எடுங்கள்.